நாகலட்சுமி போடாத கையெழுத்து

அந்தப் படிவத்தில் மொத்தம் நான்கு வரிதான். "கொல்லிமலைப் பயனாளிகளின் எண்பத்துமூன்று அட்டைகளும் பயனரின் கவனக்குறைவால் பழுதடைந்தவை எனச் சோதித்து உறுதி செய்கிறேன்." அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டின் அடியில் 'சேவைப் பொறுப்பாளர்' என்று அச்சடித்திருந்தார்கள்.

நாகலட்சுமி அந்தக் கோட்டின் மேல் எதுவும் எழுதவில்லை. படிவத்தை மடித்து, கடையில் பற்றவைப்புக் கம்பி வைக்கும் தகர டப்பாவுக்கு அடியில் செருகிவிட்டார்.

கடை கொல்லிமலை மேலே செம்மேடு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு ஷட்டர், ஒரு மேசை, மேசை மேல் பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு. ரேடியோ, மின்சார மோட்டாரின் ஸ்டார்ட்டர், செல்போன், தபால்காரரின் கைக்கருவி, மிளகு வியாபாரிகளின் எலக்ட்ரானிக் தராசு என்று மலையில் எது நின்றுபோனாலும் அந்த மேசைக்குத்தான் வரும். கொண்டுவருபவர் எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள்: "போயிருச்சுங்க." நாகலட்சுமியும் எல்லாரிடமும் ஒன்றையே கேட்பார்: "போறதுக்கு முன்னால என்ன சொல்லுச்சு?" கருகின வாடை வந்ததா, விளக்கு மினுக்கியதா, திரையில் ஏதாவது எண் வந்ததா என்று கேட்பார். எந்தக் கருவியும் சொல்லாமல் சாவதில்லை என்பது அவர் கண்ட முடிவு. கேட்கத்தான் ஆளில்லை.

அந்த மலையின் பைல் நாட்டில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அப்பா கந்தப்பனுக்கு மூன்று ஏக்கர் மரவள்ளியும், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகும் இருந்தன. எட்டாம் வகுப்பிலேயே வீட்டு மின்சாரத்தைத் தானே சரி செய்த பெண், கீழ்நாட்டில் பாலிடெக்னிக் சேர்ந்த முதல் நாள், "உங்க மலையில கரண்ட் இருக்குதா?" என்று ஒரு விரிவுரையாளர் வகுப்பு முழுக்கச் சிரிக்கும்படி கேட்டார். "இருக்குதுங்க சார், மின்சாரத்துக்கு மேடு பள்ளம் தெரியாது" என்றார் நாகலட்சுமி. அந்த ஆண்டு மின்னணுவியலில் அவர்தான் முதல். பிறகு சேலத்தில் ஏழு ஆண்டு, பேருந்து டிக்கெட் கருவிகளையும் கடைகளில் அட்டை தேய்க்கும் கருவிகளையும் பிரித்து மாட்டும் வேலை. முப்பது வயதில் ஒரு கருவிப்பெட்டியோடு மலைக்குத் திரும்பினார். "கீழே பொழைக்க முடியலையா?" என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில்: "கீழே நூறு பேர் இருக்கறாங்க. மேலே ஒருத்தருமில்லை."

அப்படி ஒருவர் மேலே இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பதைத்தான் அந்தப் படிவம் காட்டியது.

ஓர் அறக்கட்டளையின் மருந்து வண்டி மாதம் ஒருமுறை மலை ஏறி வரும். வலிப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று நாள்தோறும் மாத்திரை தின்ன வேண்டியவர்களுக்கு ஊர் ஊராக மருந்து தரும். ஆளுக்கு ஓர் அட்டை. அட்டையில் சுண்டுவிரல் நகமளவு பொன்னிறச் சில்லு. யாருக்கு என்ன நோய், என்ன மாத்திரை, கடைசியாக எப்போது வாங்கினார் என்பதெல்லாம் அந்தச் சில்லுக்குள் இருக்கும். மலையில் பாதி ஊருக்கு செல்போன் சிக்னல் கிடையாது. எங்கோ இருக்கும் கணினியைக் கேட்டு மருந்து தர முடியாது. ஆகவே நோயாளியின் சரித்திரம் நோயாளியின் மடியிலேயே இருக்கட்டும் என்று யாரோ அறிவுள்ளவர் திட்டமிட்டிருந்தார். ஏழு ஆண்டு ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

போன புரட்டாசியில் வண்டிக்குப் புதுக் கருவி வந்தது. பெரிய திரை, தமிழ் எழுத்து, பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு. அடிவார ஊர்களில் அருமையாக ஓடியது. மலைக்கு வந்த முதல் நாள் பைல் நாட்டில் இருபத்தேழு பேர் அட்டையைச் செருகினார்கள். இருபத்தேழு முறையும் சிவப்பு விளக்கு. 'அட்டை பழுது.'

வரிசையில் கண்ணாயி நின்றிருந்தார். நாற்பத்திரண்டு வயது, தனியாக ஒரு மரவள்ளிக் காட்டை நடத்துபவர். வண்டி வருவதற்கு முந்திய காலத்தில் அவருக்கு மாதம் இரண்டு முறை வலிப்பு வரும். ஒருமுறை அடுப்பின் மேல் விழுந்ததில் இடக்கை முழங்கை வரைக்கும் தோல் சுருங்கிப் போயிருக்கிறது. பேய் என்றார்கள், கோழி அறுத்தார்கள், வேப்பிலை அடித்தார்கள். கோழிதான் செத்தது. மாத்திரை வந்த பிறகு ஏழு ஆண்டாக ஒருமுறைகூட அவர் விழவில்லை.

வண்டியின் மருந்தாளுநர் வேல்முருகனுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் அட்டை திறக்காமல் மருந்து தரக்கூடாது என்பது புது விதி. யாருக்கு என்ன மாத்திரை என்று எழுதி வைத்திருந்த பழைய நோட்டுப் புத்தகத்தையும் அலுவலகத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒவ்வொருவர் கையிலும் ஒரு மாதத்து மாத்திரையை வைத்து, "அடுத்த வாட்டிக்குள்ள சரியாயிரும், போங்க" என்று அனுப்பினார். அதற்காக அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நோயாளிக்கு மருந்து தந்ததற்காக மருந்தாளுநருக்கு எச்சரிக்கை! இப்படியொரு கடிதத்தை எழுதவும் ஒரு கை இருந்தது, அதற்கும் மாதச் சம்பளம் இருந்தது.

அறக்கட்டளையின் மேற்பார்வையாளர் அர்த்தனாரி கீழ்நாட்டுக்காரர். கெட்டவர் இல்லை, மேலிடம் சொன்னதை நம்புபவர், அவ்வளவுதான். கெட்டவர்களைவிட இவர்களால்தான் நாட்டில் அதிக கெடுதல் நடக்கிறது. மென்பொருள் நிறுவனத்தைக் கேட்டார். "கருவி சரியாக இருக்கிறது, அட்டையில் ஈரம் பட்டிருக்கும்" என்று பதில் வந்தது. உடனே ஊர் ஊராக அறிவிப்பு: அட்டையை ஈரத்தில் வைக்காதீர்கள்.

இந்த அறிவிப்பு மலையில் என்ன செய்யும் என்று கீழே இருப்பவருக்குத் தெரியாது. மலையில் கெடக்கூடாத பொருள் எதுவானாலும் அடுப்புக்கு நேர் மேலே உள்ள அட்டாலிக்குப் போகும். விதைக்கு எடுத்த கேழ்வரகுக் கதிர், சாமை விதை, மழைக்காலத்துத் தீப்பெட்டி எல்லாம் அங்கேதான், புகையில். பூச்சி அண்டாது, பூஞ்சை பிடிக்காது. தலைமுறை தலைமுறையாகச் சோதித்துப் பார்த்த அறிவு. அட்டைக்கு ஈரம் ஆகாதாமே! எண்பத்துமூன்று வீட்டிலும் அட்டை அட்டாலி ஏறியது. ஐப்பசியில் வண்டி வந்தபோது அட்டைகள் கருப்பட்டி நிறத்தில் இருந்தன. அன்றும் சிவப்பு விளக்குதான்; இரண்டு வாரத்துக்கு மட்டும் மாத்திரை தர அனுமதி கிடைத்தது.

அர்த்தனாரி செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். பிறகு நேராகச் செம்மேடு வந்து, மலைப்பகுதிக் கருவிகளைப் பராமரிக்கும் பொறுப்பில் இருந்த நாகலட்சுமியின் மேசையில் படிவத்தை வைத்தார்.

"பாரும்மா, இந்தக் கோலத்துல இருந்தா எந்த மிஷின் படிக்கும்? கருவாட்டையும் அட்டையையும் ஒரே கயித்துல கட்டித் தொங்க விட்டிருக்கறாங்க."

"கருவாடு நாங்க அட்டாலியில வெக்கறதில்லீங்க சார்."

"ஏதோ ஒண்ணு. மலை ஆளுங்ககிட்ட அட்டையக் குடுத்தா இப்படித்தான். கையெழுத்துப் போடு. அடுத்த மாசத்திலிருந்து வண்டி மேலே வராது. வேணுங்கறவங்க பேளுக்குறிச்சி வந்து, புதுசா விண்ணப்பம் குடுத்து வாங்கிக்கட்டும்."

பேளுக்குறிச்சி என்றால் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். அது பேருந்துக் கணக்கு. அதற்கு முன் பேருந்து வரும் ரோட்டுக்கு நடக்க வேண்டும். வலிப்பு நோயாளி ஒருவர் மருந்தில்லாத உடம்போடு அந்த வளைவுகளில் நின்றுகொண்டே பயணம் செய்து மருந்து வாங்கி வர வேண்டும் என்பதுதான் படிவத்தின் பொருள். நான்கு வரியில் அதை எழுதியிருக்கவில்லை.

"எப்ப வேணும் சார் கையெழுத்து?"

"ரெண்டு வாரத்துல. சந்தை அன்னிக்கு வண்டியோட நானும் வாரேன். அதான் கடைசி வண்டி."

அவர் போனதும் நாகலட்சுமி முதலில் நாள்காட்டியைப் பார்த்தார். அட்டைகள் புகை குடித்தது ஐப்பசியில். கருவி அவற்றைப் பழுது என்றது புரட்டாசியில். செத்த பிறகு குடித்த விஷத்தால்தான் ஆள் செத்தான் என்று சான்றிதழ் கேட்கிறார்கள்.

கண்ணாயியின் அட்டையை வாங்கிவரச் சொன்னார். சில்லின் கரியைப் பென்சில் ரப்பரால் துடைத்தார்; பொன்னிறம் பளிச்சென்று வந்தது. புதுக் கருவி ஒன்று பராமரிப்புக்காக அவரிடம் இருந்தது. செருகினார். சிவப்பு. அப்படியானால் கரி காரணமில்லை. கருவிக்கும் அட்டைக்கும் நடுவே ஓர் ஒட்டுக்கேட்கும் கம்பியைப் பொருத்தி, மடிக்கணினியில் இணைத்தார். சேலத்தில் பழகிய வித்தை. இரண்டும் பேசிக்கொள்வது திரையில் வரி வரியாக எண்களாக ஓடும்.

இந்தப் பேச்சின் முறை தெரிந்தால் மீதிக் கதை எளிது. அட்டை ஒரு சிறு கணினி. அதற்குப் பேட்டரி கிடையாது. கருவியில் செருகியதும் கருவிதான் மின்சாரம் தருகிறது. விழித்த அட்டை முதலில் தன் அடையாளத்தைச் சொல்லும்: நான் இன்ன வகை, இன்ன முறையில் பேசுவேன். அதோடு சரி. அதன்பின் கேட்டால் மட்டும்தான் பதில் சொல்லும். தானாக ஒரு சொல் பேசாது. அட்டைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட சிறு நிரல்கள் தூங்கிக்கொண்டிருக்கலாம். எது வேண்டுமோ அதைக் கருவி பெயர் சொல்லி எழுப்ப வேண்டும். மலையில் இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவில் இருப்பவரைக் கூப்பிடுவது போலத்தான். முதலில் பெயர். அங்கிருந்து 'ஓ' வந்த பிறகுதான் சேதி. அட்டை ஒவ்வொரு பதிலின் கடைசியிலும் இரண்டு எண் சொல்லும். 90 00 என்றால் எல்லாம் முடிந்தது, நலம். வேறு எண்கள் என்றால் வேறு பொருள்: அப்படி ஒரு நிரல் இங்கே இல்லை, சாவி தப்பு, இனி மூன்று முறைதான் முயலலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.

கருவியின் பக்கமும் ஒரே ஆளாக இல்லை. அடித்தட்டு மின்சாரம் கொடுத்து எண்களைச் சுமந்து போகும். மேல்தட்டு வேல்முருகன் பார்க்கும் திரை. அதற்கு 'இவர் மாத்திரை என்ன?' என்பது மட்டும் தெரியும். நடுவே ஒரு தட்டு இருக்கிறது. பல நிறுவனங்கள் செய்த பலவகை அட்டைகளின் நடைமுறைகளையும் ஒரே மொழியாக்கி மேல்தட்டுக்குத் தருவது அதன் வேலை. நல்ல நடுத்தட்டு இருந்தால் மேலே இருப்பவர் எந்த அட்டையோடு பேசுகிறோம் என்றே கவலைப்பட வேண்டியதில்லை.

நாகலட்சுமியின் திரையில் வரிகள் ஓடின. மின்சாரம். அட்டையின் அடையாளம், தெளிவாக, ஓர் எழுத்துப் பிசகாமல். கருவி மருந்து நிரலைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அட்டை பதில் சொன்னது: 61 24. கருவி சிவப்பு விளக்கைப் போட்டது.

நாகலட்சுமி நாற்காலியில் சாய்ந்தார். 61 பழுதின் எண்ணே இல்லை. 'நீ கேட்டது சரி, நான் இங்கேதான் இருக்கிறேன், சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது, கேள்' என்பது அதன் பொருள். அடுத்த எண், எவ்வளவு மீதி என்பது. பழைய வகை அட்டைகள் அப்படித்தான் பேசும். கதை சொல்கிறவர் கேட்பவரின் 'உம்'முக்கு நிறுத்துவாரே, அது போல. உம் கொட்டினால் மீதியைச் சொல்லும். கொட்டாவிட்டால் சும்மா இருக்கும்.

திருப்பி அனுப்பாமல் கிடந்த பழைய கருவியை எடுத்துப் பொருத்தினார். அதே அட்டை, அதே 61 24. பழைய கருவி உடனே ஒரு வரி கூடுதலாக அனுப்பியது: மீதியைக் கொடு. அட்டை மளமளவென்று கொட்டியது. 90 00. பச்சை.

ஒரே ஒரு வரி. புதுக் கருவி உம் கொட்டவில்லை. மேல்தட்டை எழுதியவர், அதை நடுத்தட்டு பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருக்க வேண்டும். நடுத்தட்டை எழுதியவர், மேல்தட்டு கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டிருக்க வேண்டும். ஓர் அலுவலகத்தில் இரண்டு மேசைக்கு நடுவே மனு தொலைவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கீழே மட்டும் ஏன் ஓடியது? அதற்கும் விடை அட்டையின் அடையாள வரியிலேயே இருந்தது. திட்டம் தொடங்கியபோது முதல் கட்டு அட்டைகளை மலைக்குத் தந்தார்கள், சரியாக ஓடுகிறதா என்று பார்க்க. சோதனைக்கு மலை. ஓடியது என்று தெரிந்ததும் கீழே வேறு வகை, புது வகை அட்டை. அவை மீதி வைக்காமல் ஒரே மூச்சில் பேசுபவை. புதுக் கருவியைச் செய்தவர்கள் கீழே உள்ள அட்டைகளை மட்டும் செருகிப் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். அப்போது மட்டும் மலை யாருடைய நினைவுக்கும் வரவில்லை.

இரண்டு வரிசைகளையும் அச்செடுத்து மென்பொருள் நிறுவனத்துக்கு அனுப்பினார். 'பழுதடைந்த அட்டைகளை மாற்றிக்கொள்ளவும்' என்று பதில். மறுபடி அனுப்பினார். அதே பதில், அதே கமா. அர்த்தனாரிக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, இந்த நம்பரெல்லாம் எனக்கெதுக்கு? அட்டை கரியா இருக்குது, கண்ணு தெரியுது. நீ வேணும்னா கண்ணுக்குத் தெரியற மாதிரி எதாச்சும் காட்டு."

"காட்டறனுங்க சார்" என்றார் நாகலட்சுமி. போனை வைக்கும்போதே அவருக்கு யோசனை வந்துவிட்டது.

பேளுக்குறிச்சியில் இருந்து பூபதி என்ற விவசாயி வாரம் தவறாமல் செம்மேட்டுச் சந்தைக்குச் சின்ன வெங்காயம் கொண்டுவருவார். சர்க்கரை நோய்க்காரர், அதே திட்டத்தில், அடிவாரத்தில் மருந்து வாங்குபவர். நாகலட்சுமி அவர் கடைக்கே போனார்.

"அண்ணா, உங்க மருந்து அட்டை ஒரு வாரத்துக்கு வேணும்."

"எதுக்குங்க?"

"புகையில போடறதுக்கு."

பூபதி வெங்காயத்தைக் கீழே வைத்தார். "ஏனுங்க, எம்மேல எதாச்சும் கோவமா?"

நாகலட்சுமி கதையைச் சொன்னார். பூபதி சட்டைப் பையைத் தடவிக்கொண்டே கேட்டார். "கெட்டுப்போச்சுன்னா?"

"கெடாது. கெட்டா எங்கூட்டுச் செலவுல புதுசு வாங்கித் தாரேன். ஆனா கெடாது."

"நம்ம அட்டைய வெச்சு அர்த்தனாரி வாயை அடைக்கலாங்கறீங்க?"

"வாயை அடைக்கறதுக்கு இல்லண்ணா. கண்ணைத் தொறக்கறதுக்கு."

"ரெண்டுமே நல்லதுதானுங்க" என்று எடுத்துக் கொடுத்தார்.

அட்டையைப் பாப்பாயி வீட்டு அட்டாலியில் தொங்கவிட்டார்கள். பாப்பாயி, நாகலட்சுமியின் அப்பாவுக்குத் தங்கை முறை. பைல் நாட்டில் அவர் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. ஏற்கெனவே தன்னுடைய அட்டைக்குத் திருநீறு பூசி, மலைக்கோயில் அறப்பளீசுவரருக்கு வேண்டிக்கொண்டவர்.

"ஏங்கண்ணு, சாமிகிட்ட சொல்லியாச்சே, இன்னும் எதுக்கு இந்தக் கீழ்நாட்டான் அட்டைக்கு நம்ம ஊட்டுப் புகை?"

"அத்தே, அட்டையில ஒரு கேள்வியக் கேக்காம விட்டிருக்கறாங்க. அதைச் சாமி வந்து கேக்காது. நாமதான் கேக்கோணும்."

"அதுவும் சரிதான். சாமி கேக்கறதா இருந்தா எப்பவோ கேட்டிருக்கோணுமே" என்றார் பாப்பாயி. "சரி, எவ்வளவு புகை வேணும்? நல்லாவா, சுமாராவா?"

"நல்லாவே போடுங்க."

பாப்பாயி கணக்குப் பார்க்கவில்லை. ஈர விறகாகத் தேடி எடுத்து வந்து அடுப்பில் வைத்தார். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கேட்டபோது, "பேளுக்குறிச்சிக்கு விருந்து வெக்கறோம்" என்றார்.

சந்தை நாளில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. எண்பத்துமூன்று பேரில் எழுபதுக்கு மேல் வந்திருந்தார்கள். கண்ணாயி முன்வரிசையில். அவர் கையில் இருந்த மாத்திரைப் பட்டையில் மிச்சம் இரண்டு. அர்த்தனாரி நாற்காலியில் உட்கார்ந்து, "படிவம் எங்கம்மா?" என்றார்.

"இருக்குதுங்க சார். சோதிச்சு உறுதி செய்யறேன்னு அதுல போட்டிருக்குது. சோதிக்க வேண்டாமுங்களா?"

கூட்டம் நெருங்கி நின்றது. நாகலட்சுமி முதலில் வேல்முருகனைப் பார்த்தார். வேல்முருகன் ஓர் உறையைக் கொண்டுவந்து அர்த்தனாரியிடம் கொடுத்தார். மலைக்கு வந்த முதல் கட்டில் யாருக்கும் தராமல் மிஞ்சிப்போன அட்டை. ஏழு ஆண்டாக அலுவலகப் பீரோவில், ஒட்டிய முத்திரையோடு.

"நீங்களே பிரியுங்க சார். இதுல புகை இல்லை, ஈரம் இல்லை, மலை ஆள் கை படலை. உங்க கை மட்டுந்தான்."

அர்த்தனாரி பிரித்தார். புத்தம்புதுசு, சில்லு கண்ணாடி போல மின்னியது. கருவியின் ஒரு துளையில், மருந்து விவரத்தைத் திறக்கும் வேல்முருகனின் சாவி அட்டை ஏற்கெனவே இருந்தது; மற்றத் துளையில் தானே செருகினார். சிவப்பு. 'அட்டை பழுது.'

"இது... உள்ளேயே இருந்து கெட்டிருக்கும்."

"பீரோவுக்குள்ளயுங்களா?" என்றார் கூட்டத்தில் யாரோ. "பீரோவுக்கும் கவனக்குறைவா?"

நாகலட்சுமி சிரிக்கவில்லை. பாப்பாயியைப் பார்த்துக் கை நீட்டினார். பாப்பாயி மடியிலிருந்து ஒரு கந்தைத் துணியை எடுத்து விரித்தார். அட்டை என்று சொன்னால்தான் தெரியும். எண்ணெய்க் கரி படிந்து, ஓரத்தில் கேழ்வரகுப் பதர் ஒட்டிக்கொண்டு, இரண்டடி தள்ளி நிற்பவருக்கும் புகை வாடை அடித்தது.

அர்த்தனாரி முகத்தைச் சுளித்தார். "இதை மிஷின்ல போட்டா மிஷினும் போயிரும்."

"சில்லை மட்டும் ஒருதரம் விரல்ல துடைக்கறேன். அவ்வளவுதான்." கட்டை விரலால் ஒரு முறை தேய்த்து, செருகினார்.

ஒரு நொடி. பச்சை.

திரையில் பெரிய தமிழ் எழுத்தில் பெயர் வந்தது: பூபதி, பேளுக்குறிச்சி. கீழே சர்க்கரை மாத்திரையின் பெயர், அளவு, கடைசியாக வாங்கிய தேதி.

வெங்காயக் கடையிலிருந்து ஓடி வந்திருந்த பூபதி கையைத் தூக்கினார். "நாந்தானுங்க அது! எட்டு நாள் பாப்பாயியக்கா ஊட்டு அட்டாலியில இருந்தேனுங்க!"

"சும்மா இல்லீங்க, ஈர விறகு" என்றார் பாப்பாயி.

சிரிப்பு பேருந்து நிலையத்தைத் தாண்டிப் போனது. புறப்படவிருந்த பேருந்தின் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. அர்த்தனாரி திரையைப் பார்த்தார், முத்திரை பிரித்த புது அட்டையைப் பார்த்தார், மறுபடி கரி அட்டையைப் பார்த்தார். கண்ணால் காண்பதை மட்டும் நம்புகிற மனிதருக்குக் கண் ஒரு நாள் தொந்தரவு கொடுக்கத்தான் செய்யும்.

"அப்ப எதுதாம்மா காரணம்?" குரல் மாறியிருந்தது.

நாகலட்சுமி கண்ணாயியின் அட்டையை வாங்கித் தன் மடிக்கணினியில் இருந்த சிறு கருவியில் செருகினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார், 61 வந்தது. மீதியைக் கேட்டார். அட்டை தன் எண்ணையும் கண்ணாயியின் பெயரையும் சொன்னது. மருந்து விவரம் வரவில்லை. அந்தப் பகுதியை வேல்முருகனின் சாவி அட்டை இல்லாமல் யாருக்கும் அட்டை திறந்து காட்டாது. தன்னைக் காத்துக்கொள்ளும் அறிவும் அதற்கு இருந்தது.

"பேரைச் சொல்ற அட்டை செத்த அட்டையா சார்? இன்னும் சொல்றதுக்கு இருக்குது, கேளுங்கன்னு சொல்லுது. உங்க புது மிஷின் கேக்க மாட்டேங்குது. கேக்காததுக்குப் பேரு கவனக்குறைவுன்னா, அது எங்க கவனக்குறைவு இல்லீங்க."

அர்த்தனாரி போனை எடுத்தார். மென்பொருள் நிறுவனத்தில் இந்த முறை அவர் வழக்கமாகப் பேசும் ஆளைக் கேட்கவில்லை. நடுத்தட்டை எழுதியவர் யாரோ அவரையே கேட்டார். சென்னையில் இருந்து கோகிலவாணி என்ற பொறியாளர் பேசினார். போன் நாகலட்சுமியின் கைக்கு வந்தது.

"பதிவு வெச்சிருக்கீங்களா மேடம்? நிரலைத் தேர்ந்தெடுத்ததும் என்ன வருது?"

"அறுபத்தொண்ணு, இருபத்துநாலு. ரெண்டு தடவை மெயில் போட்டிருக்கறனுங்க."

அந்தப் பக்கத்தில் விசைப்பலகைத் தட்டல். பிறகு மெதுவாக: "எனக்கு வந்து சேரவே இல்லை மேடம். வாசல்லயே பதில் சொல்லி அனுப்பிட்டாங்க போல. ஸாரி. பழைய அட்டைன்னு யாருமே எங்ககிட்ட சொல்லலை. அமைப்புக் கோப்புல 'மீதியைத் தானாகக் கேள்'னு ஒரு வரி இருக்கும். நாங்க பூஜ்யமா விட்டிருக்கோம். ஒண்ணுன்னு மாத்துங்க. நான் கடவுச்சொல் தரேன்."

நாகலட்சுமி பூஜ்யத்தை அழித்தார். ஒன்று போட்டார். கருவியை அணைத்து மறுபடி எழுப்பினார். வேல்முருகன் தன் சாவி அட்டையை ஒரு துளையில் மறுபடி செருகினார். மற்றத் துளையைக் காட்டி, "வாங்கக்கா, நீங்களே போடுங்க" என்றார் நாகலட்சுமி.

கண்ணாயி தழும்பேறிய இடக்கையால் அட்டையைச் செருகினார். பாப்பாயி கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

பச்சை.

பெயர். வலிப்பு. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஏழு ஆண்டு சரித்திரமும் ஒரு வரி குறையாமல் உள்ளே பத்திரமாக இருந்தது. சோளக்கதிர் அடிக்கும் களம் போலக் கூச்சல் எழுந்தது. வேல்முருகன் மாத்திரையை எண்ணிக் கொடுத்தார். எச்சரிக்கைக் கடிதம் சட்டைப் பையில்தான் இருந்தது. அர்த்தனாரி அதைக் கேட்டு வாங்கி, நான்காகக் கிழித்தார். அந்த மட்டுக்கும் மனிதர்தான்.

அன்று மாலைக்குள் எழுபத்தொரு அட்டைக்குப் பச்சை விளக்கு எரிந்தது. மிச்சம் பன்னிரண்டுக்கும் வண்டி மறுநாள் அவரவர் ஊருக்கே போனது. ஒன்றுகூடப் பழுதில்லை. வண்டி இன்றும் மலைக்குத்தான் வருகிறது. புதுக் கருவி எது வந்தாலும், கீழே ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் செம்மேட்டில் அந்த மேசைக்கு ஒன்று வர வேண்டும் என்று கோகிலவாணி தன் நிறுவனத்தில் எழுதி வாங்கிவிட்டார். இந்தத் தடவை மலையில் சோதிக்கிறவரும் மலை ஆள்தான்.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு அர்த்தனாரி தயங்கிக்கொண்டே கடைக்கு வந்தார். "அந்தப் படிவம்..."

நாகலட்சுமி தகர டப்பாவைத் தூக்கி எடுத்துக் கொடுத்தார். கோட்டின் மேல் இன்னமும் வெறுமைதான். ஆனால் பின்பக்கம் நிறைந்திருந்தது. எண்பத்துமூன்று பெயர், எழுபத்தொன்றுக்கு நேராக டிக்.

"இதுல வேணும்னா கையெழுத்துப் போடறேன் சார்."

அவர் பின்பக்கத்தையே வாங்கிக்கொண்டார்.

வாசலில் பாப்பாயி நின்றிருந்தார், தன் அட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டு. "ஏங்கண்ணு, இனிமே இதை எங்க வெக்கறது?"

"எங்க வேணா வெய்யுங்க அத்தே."

"அட்டாலியில?"

"அட்டாலியிலயே வெய்யுங்க. யாராச்சும் கேட்டா பூபதியண்ணனைக் கூப்பிடுங்க, சாட்சி சொல்லுவாரு."